குழாய்க்கு நன்றி சொன்ன ஸ்தோத்திரம்

தண்ணீர் வராத குழாய்க்கு நன்றி சொன்ன பிறவி கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே ஒன்றுதான்: எங்கள் ஸ்தோத்திரம். மாவட்டம் என்பதைத் தமிழ்நாடு என்று மாற்றிக்கொள்ளவும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கள்ளக்குறிச்சியில் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் அவள் என் அறைத்தோழி. வேதியியல் வகுப்பிலும் பக்கத்து இடம்தான். அவள் ஊர் கல்வராயன் மலை மேலே. பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. எது நடந்தாலும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று நன்றி சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு அடுத்த வேலை. அதுவே பெயராகிவிட்டது.

குழாய் விஷயம் இப்படி. முதல் வாரம், தலை நிறைய சீயக்காயோடு நாங்கள் வரிசையில் நிற்கிறோம். குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று. இவள் கண்ணை மூடி நன்றி சொன்னாள். இதற்கு எதற்கு நன்றி என்று எரிச்சலோடு கேட்டேன்.

"காத்து வருதுல்ல? அப்ப பைப்பு அடைச்சிக்கல. தண்ணி எப்ப வுட்டாலும் வந்துடும்."

இரண்டாவது செமஸ்டரில் ஒரு பாடத்தில் நூற்றுக்கு இருபத்தெட்டு வாங்கினாள். விடைத்தாளைக் கொடுத்த வேதியியல் மேடத்திடம் நன்றி என்றாள். மேடம் கிண்டல் என்று நினைத்து எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்தவள், படிக்காமல் வந்தும் இருபத்தெட்டு வரைக்கும் தெரிந்திருக்கிறதே என்று விளக்கினாள். எல்லோரையும் நடுங்கவைக்கும் மேடம் அன்று கரும்பலகைப் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் எதையோ அழித்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

சாப்பாட்டு ஜெபம்தான் பெரிய சோதனை. உப்புமா என்றால் ரவைக்கு மட்டும் நன்றி சொல்லி விடமாட்டாள். வெங்காயம் நறுக்கியவர், மூட்டை தூக்கியவர், உளுந்தூர்பேட்டை வழியாக லாரி ஓட்டிவந்த டிரைவர், அந்த டிரைவரின் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லோரையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் ஆமென். அதற்குள் உப்புமா கட்டியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வடை போடும் நாளில் மட்டும், மூடிய கண்ணோடு இடது கையால் வடையைப் பொத்திக்கொள்வாள். இதுதான் உன் விசுவாசமா என்று கேட்டோம்.

"ஆண்டவர் மேல நம்பிக்கை கீது. உங்க மேலதான் இல்ல" என்றாள்.

வடக்கனந்தலில் இருந்த என் அம்மாவுக்கு இதெல்லாம் போனில் கேட்கக் கேட்கப் பயம். அந்தப் பெண் உன்னை மாற்றிவிடப் போகிறாள் என்று எச்சரித்துக்கொண்டே இருந்தாள். உண்மையில் அவள் மாற்றியது என் படுக்கையைத்தான். மழைக்காலத்தில் என் தலைக்கு மேலே ஒழுகியது. ஒரு நாள் வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் என் பாயும் பெட்டியும் அவள் இடத்தில். அவளுடையவை ஒழுகலுக்குக் கீழே, நடுவில் ஒரு பக்கெட். அம்மாவிடம் சொன்னேன். அடுத்த முறை நான் ஊருக்குப் போய்த் திரும்பியபோது முறுக்கு இரண்டு பொட்டலமாக வந்தது.

மூன்றாம் வருடம் கடைசி செமஸ்டர். இது முடிந்ததும் பி.எட். சேர வேண்டும், மலையிலேயே டீச்சராக வேண்டும் என்பது அவள் கனவு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சனிக்கிழமை ஊருக்குப் போனாள். ஞாயிறு முழுக்க மழை. திங்கள் காலை தேர்வு. பாதையில் மரம் விழுந்து பஸ் மேலே வரவில்லை. மலைப்பாதையில் நடந்தே இறங்கி, அடிவாரத்தில் ஒரு பால் வண்டியைப் பிடித்து, அவள் கல்லூரிக்குள் ஓடிவந்தபோது நாங்கள் தேர்வு எழுதி முடித்து வெளியே வந்துகொண்டிருந்தோம். முழங்கால் வரை சேறு. ஒரு கால் செருப்பைக் காணோம். மேடமே அவளுக்காக முதல்வர் அறைக்குப் போனார். விதி இடம்தரவில்லை.

அறைக்கு வந்து பாயில் உட்கார்ந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. மூன்று வருடமாக அதைக் கேலி செய்த நாங்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். அன்று அவள் சாப்பிடவும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் தட்டில் சாதம் போட்டு மேலே எடுத்துப்போனேன். அவள் தொடவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. எதிரே உட்கார்ந்து கண்ணை மூடினேன். மாரியம்மனைத் தவிர யாரிடமும் பேசிப் பழக்கமில்லாதவள் நான்.

"ஆண்டவரே, வணக்கங்க. இந்தச் சோத்துக்கு நன்றிங்க. கொழம்பு நல்லா இல்ல, இருந்தாலும் நன்றிங்க. லாரி டிரைவருக்கும் நன்றிங்க. இவ ரெண்டு நாளா சாப்டல. இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியலங்க."

அதற்கு மேல் வரவில்லை. கண்ணைத் திறந்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள். அழுகைக்கு நடுவே, ஆமென் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்று திருத்தினாள். சொன்னேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே பேசினாள். "பரீட்ச போனதுக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன்டி. அது வலிக்குது. வலிக்குதுன்னு அவருக்கும் தெரியட்டும்." காலை நீட்டி, கொப்புளங்களைப் பார்த்தாள். "ஆனா இந்தக் காலு ரெண்டும் அம்மாந்தூரம் எறங்கி வந்துச்சே. அதுக்குச் சொல்லலாம்."

சொன்னாள். பிறகு அந்த மோசமான குழம்புச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

அதுவரை எனக்கு அவளுடைய நன்றி ஒரு விளையாட்டுப் பழக்கமாகத்தான் பட்டது. இல்லாததை இருக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை என்பது அன்றுதான் புரிந்தது. இருப்பதைத் தேடுவாள். கிடைக்கிறவரை தேடுவாள்.

விட்ட பாடத்தை அடுத்த முறை எழுதித் தேறினாள். ஒரு வருடம் தள்ளி பி.எட். சேர்ந்தாள். இப்போது மலையில் டீச்சர்.

என் கல்யாணத்துக்கு மூன்று பஸ் மாறி வந்தாள். மேடையில் போட்டோகிராபர் சொந்தக்காரர்கள் மட்டும் நிற்கச் சொன்னார். அவள் மரியாதையாக இறங்கப் பார்த்தாள். கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன். அந்தப் படம்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இது யார் என்று மாமியார் கேட்டபோது, பெரியம்மா பெண் என்று வாயில் வந்துவிட்டது. வருடங்கள் ஆகின்றன. இன்னும் திருத்தவில்லை.