பூச்சியம் தசம் பூச்சியம் பூச்சியம்

பேஸ்போல் என்ற விளையாட்டு தோன்றிய நாள் முதல் இன்றுவரை பிறந்த பந்தெறிவாளர்களில் தலைசிறந்தவர் லண்டனில், மிச்சம் என்ற ஊரில் வசிக்கிறார். இது புகழ்ச்சி அல்ல, கணக்கு.

திரு. கனகலிங்கம் 2001இல் மிச்சம் தமிழர் பேஸ்போல் கழகத்தை ‘ஸ்தாபித்த’ காரணம் எளிது. லண்டனிலிருந்த தமிழர் கிரிக்கெட் கழகங்கள் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே தலைவர்கள் இருந்தார்கள். புதிய கழகத்தின் தலைவரே பந்தெறிவதென்றும் ‘ஏகமனதாக’ முடிவாயிற்று.

புள்ளிப் புத்தகம் நகுலேஸ்வரியிடம் வந்தது. குரோய்டனில் ஒரு கார் காப்புறுதி அலுவலகத்தில், இடித்தது யார் பிழை என்று தீர்மானிப்பது அவர் வேலை. பேஸ்போல் விதிகளை வாசித்தபோது அலுவலகத்திலேயே இருப்பது போலிருந்தது அவருக்கு. எறிந்த பந்தை எதிரணி அடித்து ஓட்டம் எடுத்தால், அது எறிந்தவரின் ‘சம்பாத்திய ஓட்டம்’. கைக்கு வந்த பந்தைக் களத்தில் நிற்பவர் நழுவவிட்டு ஓட்டம் போனால், அது நழுவவிட்டவரின் பிழை. எறிந்தவர் கணக்கில் ஏறாது. ஒன்பது சுற்றுக்குச் சம்பாத்தியம் எவ்வளவு என்று பார்த்தால் கிடைப்பதே சராசரி. குறையக் குறைய மேன்மை. சம்பாத்தியம் இல்லாத ஆம்பிளைக்குத் தமிழர் மத்தியில் மாலை விழும் ஒரே இடம் அதுதான்.

ஆறு ஆண்டுகளில் குரோய்டன் எறிவாளரின் சராசரி 4.12. கிங்ஸ்பரி மலேசியத் தமிழர் அணியின் இளங்கோவனுக்கு 3.87. கனகலிங்கத்துக்கு 0.00. அந்த ஆறு ஆண்டுகளில் மிச்சம் அணி ஓர் ஆட்டமும் வெல்லவில்லை என்பது வேறு விடயம். அது மற்ற எட்டுப் பேரின் பிழை.

“நான் எறிஞ்ச பந்து சரி. அவை நிண்ட இடம்தான் பிழை” என்று தலைவர் தொடக்கத்திலேயே விளக்கியிருந்தார். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிழைகாரரின் பெயரை அவரே மைதான நடுவிலிருந்து கூவுவார். நகுலேஸ்வரி எழுதுவார்.

எட்டுப் பேரில் முதலிடம் நகுலேஸ்வரியின் கணவர் கணேஸ்வரனுக்கு. தொண்ணூற்றொன்பது பிழை. நூறைத் தொட்டவருக்கு அணியில் இடமில்லை என்பது கழக யாப்பிலுள்ள விதி. கணேஸ்வரனோ ஞாயிறு ஆட்டத்துக்காகக் கிழமை முழுதும் பெற்றோல் நிலையத்தில் மற்றவர்களின் ஷிப்டையும் சேர்த்துச் செய்கிறவர்.

2007ஆம் ஆண்டின் கடைசி ஆட்டம். கனகலிங்கம் எறிந்தார். இளங்கோவன் அடித்தார். பந்து கணேஸ்வரனின் தலைக்கு மேலால், வேலிக்கு மேலால் போய், தரிப்பிடத்தில் நின்ற ட்ராமின் திறந்த கதவுக்குள் புகுந்தது. கதவு மூடியது. பந்து விம்பிள்டனுக்குப் புறப்பட்டது.

“தங்கச்சி, எழுதும். கணேஸ், பிழை.”

“அண்ணை, அது ட்ராமிலை போயிட்டுது” என்றார் நகுலேஸ்வரி.

“அதைத்தான் சொல்லுறன். பிடிச்சிருக்க வேணும்.”

“பந்தையோ, ட்ராமையோ?”

“ரெண்டிலை ஒண்டை.”

சுற்றி ஓடி முடித்த இளங்கோவன் மூச்சு வாங்கினார். “சார், வேற பந்து இருக்கா? இல்ல, அது ரிட்டர்ன் டிக்கெட் எடுத்திருக்கா?”

கணேஸ்வரன் வேலியோரத்திலிருந்து மெல்ல வந்தார். “எழுதிவிடும், நகுலா. இனி ஞாயிறிலையும் ஷிப்ட் எடுக்கிறன்.” சொன்னாரே தவிர, கையுறையைக் கழற்றவில்லை.

நகுலேஸ்வரி அந்தக் கையுறையைப் பார்த்தார். பிறகு விதிப் புத்தகத்தை விரித்தார். “வேலிக்கு வெளியாலை போனதுக்கு ஒருத்தரிலையும் பிழை போட ஏலாது, அண்ணை.” எழுதினார்: சம்பாத்திய ஓட்டம், ஒன்று. கனகலிங்கம்.

தலைவர் அந்த வரியை நெடுநேரம் ‘ஆய்வு’ செய்தார். பின்னர் பேனையை வாங்கி, அதை வெட்டிவிட்டு, வீரர் பட்டியலின் அடியில் பத்தாவது பெயராக நகுலேஸ்வரியைச் சேர்த்தார். எதிரே பதிந்தார்: எழுத்துப் பிழை, ஒன்று.

சராசரி 0.00இல் அசையாமல் நின்றது. கணேஸ்வரன் தொண்ணூற்றொன்பதோடு தப்பினார். நகுலேஸ்வரி புள்ளிப் பணியிலிருந்து ‘நன்றியுடன்’ விடுவிக்கப்பட்டார். நன்றிக்கு அடையாளமாக, ஆண்டு மலருக்கு ஒரு வாழ்த்துச் செய்தி எழுதும் பேறு அவருக்கு அளிக்கப்பட்டது.

ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்: “எங்கள் தலைவர் பிழைக்கத் தெரிந்தவர்.”

கனகலிங்கம் இரண்டு தரம் வாசித்தார். முகம் மலர்ந்தது. தன் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.

“பாத்தீரே கணேஸ், தங்கச்சி வடிவா எழுதியிருக்கிறா. ஒரு பிழையும் இல்லை.”