பொலித்தீன் அண்ணை பார்த்த பொம்மைப் படம்

தீவுப் பகுதியில் பிறந்தவர்களில், உப்புக்காற்றை எதிர்த்துத் தனியாளாகப் போர் நடத்திய ஒரே மனிதர் எங்கள் பொலித்தீன் அண்ணைதான். நாரந்தனையில் வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்துகிறவர். நாள் முழுக்கத் துருவையே பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு எதையும் உறையில்லாமல் விட மனம் வராது. றிமோட்டுக்குப் பொலித்தீன், மோட்டார்சைக்கிள் சீற்றுக்குப் பொலித்தீன், சுவர் மணிக்கூட்டுக்கும் பொலித்தீன். கலியாணத்துக்கு வாங்கிய மெத்தைச் செற்றி பதினொரு வருடமாக உறையோடுதான் கிடந்தது. அதில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினால் 'சர்ர்' என்று ஒரு சத்தம். முதுகுத் தோலில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

"இந்த வீட்டில பொலித்தீன் போடாமல் இருக்கிறது நானும் பிள்ளையும் மட்டுந்தான், தம்பி" என்பார் அவர் மனைவி. "அதுவும் எங்கட அளவுக்கு உறை கிடைக்கேல்லை."

பிள்ளை என்றது மகள் அபியை. அவளுக்குக் கனடாவிலிருந்து மாமி அனுப்பிய நாலு பாவைப்பிள்ளைகள், பெட்டி பிரிக்கப்படாமல், கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாக நின்றன. எங்களூரில் வெளிநாட்டுச் சாமான் முதலில் அலுமாரிக்குத்தான் போகும். அனுப்பினவர் வந்து பார்க்கும்போது புதிதாக இருக்க வேண்டாமா? மாமி வருகிற பாடாகத்தான் இல்லை.

நான் அப்போது பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். சும்மா இருக்க ஏலாத கை. ஒரு புரொஜெக்டரை இரவல் வாங்கி, சனிக்கிழமைப் பின்னேரங்களில் வாசிகசாலையில் சிறுவர் படம் காட்டத் தொடங்கினேன். அந்த வாரம் பொம்மைகள் உயிரோடு நடமாடும் ஒரு கார்ட்டூன் படம். புரொஜெக்டர் வயர் பிளக்குக்கு எட்டவில்லை என்று அண்ணையின் நீள வயரைக் கேட்டேன். வயருக்குக் காவலாக அவரும் வந்தார்.

படத்துக்கு முன் அபி மெல்ல என் காதருகே வந்தாள்.

"அண்ணா, மூண்டு வயசில இருந்து ஏழு வயசு மட்டும் எண்டு பெட்டியில போட்டிருந்தால், எட்டு வயசில விளையாடக் கூடாதோ?"

"ஏன் கேக்கிறீர்?"

"வாற செவ்வாய்க்கிழமை எனக்கு எட்டு."

நான் யோசிப்பதற்குள் பிள்ளைகள் படத்தைப் போடச் சொல்லிக் கத்தத் தொடங்கிவிட்டார்கள்.

அண்ணை முன்வரிசைக் கதிரையில் இருந்தார். ஐந்தே நிமிடத்தில் முதல் கேள்வி.

"தம்பி, உந்தக் கார் ஓடுதே, பற்றறி எங்க?"

"அண்ணை, இது கற்பனை."

"கற்பனைக்கும் பற்றறி வேணும், கண்டீரோ."

பொம்மைகள் கடற்கரைக்குப் புறப்பட்டன. "ஐயோ, துருப்பிடிக்கப் போகுது!" என்று அலறினார். பொம்மை நாயின் கால் கழன்றபோது எழும்பியே விட்டார். "ஒரு சின்ன ஸ்பனர் இருந்தால் ரெண்டு நிமிச வேலை!" பின்னால் இருந்த தாய்மார் படத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. பெட்டி பிரிக்காத மரக்குதிரை ஒன்று, உயரத்துத் தட்டிலிருந்து, கீழே மற்றப் பொம்மைகள் விளையாடுவதைப் பார்க்கிறது. ஒரு கீறல் இல்லை, ஒரு அழுக்கு இல்லை. ஆனால் அழுகிறது.

"நிப்பாட்டும்! பின்னுக்கு விடும்."

விட்டேன். பார்த்தார். "இன்னொருக்கா." மூன்றாம் முறையும் பார்த்தார்.

"எனக்கு விளங்கேல்லை, தம்பி. மற்றதுகளுக்குக் கையில்லை, காலில்லை. எல்லாம் சிரிக்குதுகள். இது புத்தம் புதுசு. இதுக்கென்ன வருத்தம்?"

பகிடிக்குக் கேட்கவில்லை. எஞ்சினுக்குள் ஒரு புதுச் சத்தம் கேட்டவர்போலத் தலையைச் சரித்துக்கொண்டு கேட்டார்.

"அதுக்கு ஒருத்தரும் பேர் வைக்கேல்லை அப்பா" என்றாள் அபி. "எங்கட அலுமாரியில நிக்கிற நாலுக்கும் பேர் இல்லைத்தானே."

படம் முடிந்தவுடன் அண்ணை மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார், வயரை மறந்து! அவர் ஒரு சாமானை மறந்ததை ஊர் கண்டது அன்றைக்குத்தான்.

வயரோடு வீட்டுக்குப் போனேன். செற்றியில் அண்ணை, மடியில் ஒரு பாவைப்பிள்ளைப் பெட்டி, கையில் எஞ்சின் வேலைக்கான கத்தி. பக்கத்தில் அபி மூச்சுவிடாமல் நின்றாள்.

"ஏழு வயசு மட்டும் எண்டு போட்டிருக்கு" என்றார் என்னைப் பார்க்காமல். "இன்னும் ரெண்டரை நாள் கிடக்கு."

பெட்டி பிரிந்தது. அபி பாவைப்பிள்ளையைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"என்ன பேர் வைக்கப் போறீர்?" என்று கேட்டேன்.

"துரு."

அண்ணை கத்தியைக் கீழே வைத்தார். "சரி... துரு."

"பதினொரு வருசமாச் செற்றியும் அழுகுது" என்று குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "அது கேக்கேல்லையோ?"

கேட்கவில்லைப்போலும். செற்றி இன்னும் உறையோடுதான் இருக்கிறது. போன மாதம் போனபோது அதன் நடுவில் துரு படுத்திருந்தாள். தலையில் அரைவாசி முடி இல்லை, கன்னத்தில் கிறீஸ். அவளைத் தள்ளிவைத்துவிட்டு இருக்கப் போனேன்.

"தம்பி, மெல்ல. பிள்ளை நித்திரை" என்றார் அண்ணை.

அபி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் சத்தமில்லாமல் நிலத்தில் இருந்துகொண்டேன்.