மூடுபனியில் கொதித்த டீ

"சூரியனைக் காணோம்," என்றார் கருணாகரன்.

பேரூராட்சி அலுவலக மொட்டைமாடியில் நின்று அவர் இப்படிப் புலம்பியபோது, காலடியில் இருந்த சோலார் தகட்டையே காணோம். அப்படியொரு மூடுபனி. பனிக்கொம்பையில் வெயில் அடித்து ஒரு வாரமாகிவிட்டது.

கருணாகரன் கோயமுத்தூரிலிருந்து மலையேறி வந்த ஸ்வெட்டர் கடைக்காரர். கடையில் கூட்டமில்லாத நேரத்தில் 'தூய மின்சார மக்கள் மன்ற'த்தின் செயலாளர். பனிக்கொம்பையில் ஸ்வெட்டர் தேவைப்பட்டவர்கள் எல்லாரும் எப்போதோ வாங்கிவிட்டதால் முழுநேரச் செயலாளர் என்றே சொல்லலாம். மன்றத்தில் மொத்தம் ஐந்து உறுப்பினர்கள். போண்டா உண்டு என்றால் ஐந்து பேரும் கூட்டத்துக்கு வருவார்கள். இல்லையென்றால் செயலாளர் மட்டும் வந்து ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டுப் போவார்.

அந்தத் தீர்மானங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துக் கொடுத்தே அவர் பேரூராட்சியின் உயிரை எடுத்ததில், தலைவி சாந்தாமணி ஒருவழியாக இறங்கி வந்தார்.

"கவுன்சில் கூட்டத்துல உங்க சோலார்ல டீ போட்டுக் காட்டுங்க. கொதிச்சா ஊருக்கே சோலார். கொதிக்கலைன்னா ஜெகதீசன் சொல்ற டீசல் ஜெனரேட்டர்."

ஜெகதீசன் வார்டு உறுப்பினர். ஜெனரேட்டர் விற்பது அவருடைய மச்சான்.

மன்றம் சந்தா திரட்டி வாங்கிய தகடு போன வாரம் மாடியேறியது. பேட்டரிப் பெட்டி கீழே கூட்ட அறைக்கு வந்தது. அன்றோடு சூரியன் லீவில் போய்விட்டது. பேட்டரியில் கரண்ட் ஏறியிருக்கிறதா என்று பார்க்கக்கூட கருணாகரனுக்குத் தைரியம் வரவில்லை. பரீட்சை முடிவைப் பார்க்காமலே ஃபெயில் என்று அழும் பையனைப் போல, இருக்காது என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

கூட்டம் தொடங்குமுன் பக்கத்து பேக்கரிக்கு ஓடினார்.

"மெட்டில்டா, ஒரு பிளக் பாயிண்ட் குடும்மா. கூட்டம் முடியற வரைக்கும்தான்."

"எதுக்குங்கண்ணா?"

"சூரியனுக்கு ஒரு சப்போர்ட்டு."

"அதுக்கென்னங்கண்ணா, சொருகிக்கங்க," என்றாள் மெட்டில்டா, வர்க்கி பிஸ்கட்டுக்குப் பிசைந்த மாவிலிருந்து கையை எடுக்காமலே.

பேக்கரியின் பின்ஜன்னலிலிருந்து புறப்பட்ட ஒயர், கூட்ட அறை ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து, பேட்டரிப் பெட்டியின் முதுகில் போய்ச் சேர்ந்தது. அதன்மேல் மன்றத்தின் பேனரைப் போர்த்தினார். 'தூய மின்சாரம், தூய நிர்வாகம்' என்று அதில் எழுதியிருந்தது.

கூட்டத்தில் கெட்டில் 'உஸ்' என்றது. எல்லார் கைக்கும் டீ வந்தது.

"இத்தனை பனியில எப்படிங்க கொதிச்சுது?" ஜெகதீசன் சந்தேகமாகக் கேட்டார்.

"பனிக்குப் பின்னாடி சூரியன் இருக்கத்தானுங்களே செய்யுது," என்றார் கருணாகரன், வாய் கூசாமல்.

அந்த நேரம் பார்த்து ஊர் முழுக்கக் கரண்ட் போனது. விளக்கு அணைந்தது, ரூம் ஹீட்டர் அணைந்தது. கெட்டிலின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

எல்லாரையும்விட அதிகமாகத் திடுக்கிட்டவர் கருணாகரன்தான். அப்புறம் அவருக்குப் புரிந்தது. மெட்டில்டா இன்வெர்ட்டர் வாங்கியிருக்கிறாள்! அவள் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினார்.

கைதட்டல் அடங்கியதும், மனு கொடுக்க வந்திருந்த கிராம நர்ஸ் வாசுகி எழுந்தாள்.

"தலைவரம்மா, கரண்ட் போனாலே தடுப்பூசி மருந்தைத் தூக்கிட்டு ஐஸுக்கு அலையறேனுங்க. எங்க பிரிட்ஜை இதுல மாட்டிக்கலாங்களா?"

"கேக்கணுமா? இப்பவே தகட்டையும் பெட்டியையும் கழட்டி ஹெல்த் சென்டருக்கு எடுத்துட்டுப் போங்க," என்றார் சாந்தாமணி.

"அங்க பனி ஜாஸ்திங்களே," என்று கருணாகரன் குறுக்கிட்டார்.

"இங்க என்ன வெயிலா கொளுத்துது?"

"பேட்டரி புது எடத்துல ஒத்துப்போகாதுங்க."

"அதென்ன புதுப்பொண்ணா, புகுந்த ஊட்டுல ஒத்துப்போறதுக்கு?"

வாசுகி அதற்குள் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டாள். "நாளைக்கு எஸ்டேட் லயன் வீடுகள்ல இருந்து கைக்குழந்தைங்க ஊசிக்கு வருதுங்க. இனி மருந்து கெடாதுன்னு தைரியமா இருப்பேனுங்க."

கருணாகரன் பேனரைப் பார்த்தார். கவுன்சிலை ஏமாற்றலாம், அதற்குப் பழக்கம் உண்டு. கெட்டுப்போன மருந்தைப் பச்சைக் குழந்தைக்குக் குத்தவிட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது? இரண்டு வருட உழைப்பு போனால் போகட்டும் என்று எழுந்து பேனரை விலக்கினார்.

"இது சோலார் இல்லீங்க. பேக்கரி கரண்ட்டு. இந்த ஒயரைப் பாருங்க. நான்தான் இழுத்தேன்."

அறையே சிரிப்பில் அதிர்ந்தது.

"டீயில வர்க்கி வாசம் வந்தப்பவே நெனச்சேனுங்க!" என்றார் ஜெகதீசன்.

"நல்ல மனுசன்னு நம்புனேன்," என்றார் சாந்தாமணி. அதுதான் கருணாகரனைச் சுட்டது. "சரி, ஜெனரேட்டருக்குச் சம்மதம்னா கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. தீர்மானம் கையெழுத்தாகி முத்திரையும் விழுந்தது. ஜெகதீசன் மச்சானுக்குப் போன் போட்டுவிட்டார். டீசல் ஜெனரேட்டரைக் கொண்டாட இரண்டாவது ரவுண்டு டீ, அரையிருட்டில் அதே கெட்டிலில் கொதித்தது.

கருணாகரன் பேனரை மடித்துக்கொண்டிருந்தபோது, மாவு ஒட்டிய கையோடு மெட்டில்டா வாசலில் வந்து தயங்கி நின்றாள்.

"உன் தப்பு ஒண்ணுமில்லம்மா," என்றார் அவர். "உன் இன்வெர்ட்டர் கடைசி வரைக்கும் கைவிடல."

"இன்வெர்ட்டரா? எங்கிட்ட ஏதுங்கண்ணா? அதைச் சொல்லி மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். நீங்க சொருகிட்டுப் போன கையோட, மிக்சி போடறதுக்காக உங்க ஒயரைப் புடுங்கி வெச்சுட்டேனுங்க!"