தவிடு போடாத அம்மி

அன்று மத்தியானம் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளைப் பொடியன். அவனுடைய அப்பா, கரடியனாற்றில் வயல் செய்கிறவர். அவனுடைய அம்மா. தாய்மாமன் ஒருவர். இந்த நாலு பேரும் பாயில். பரிமாற என் மாமி. மாமிக்கு உதவியாக என் பெண்சாதி பரமேஸ். அறைவாசல் சீலைக்குப் பின்னால் பரமேசின் தங்கச்சி யோகம். பொண்ணு அவள்தான். பாயின் மூலையில் நான், வீட்டு மருமகன் என்ற பெருமையோடு.

அந்தச் சம்பந்தத்தைக் கெடுத்தது நான். வேறு ஒருவரையும் குறை சொல்ல இடமில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில் போய் இருப்பான். நான் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. மாமனார் காலமாகிவிட்டார். வீட்டில் ஆம்பிளை நான் ஒருவன். தொழில் மேசன் வேலை. தெரியாது என்று ஒரு வேலையையும் சொன்னதில்லை. (தெரிந்த வேலை இரண்டு.)

மாமியின் அம்மி தேய்ந்து கண்ணாடி மாதிரி இருந்தது. மிளகாய் வழுக்கிக்கொண்டு ஓடும். முந்தியென்றால் சின்னத்தம்பி என்று ஒருவர் "அம்மி பொளியிறதோ... அம்மி!" என்று கூவிக்கொண்டு சைக்கிளில் வருவார். தேய்ந்த அம்மியில் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுப்பார். அந்த வருடம் அவர் வரவில்லை. பாலத்துச் சென்றியில், ஆட்களை மறித்துச் சோதிக்கிற இடத்தில், ஆமிக்காரன் அவருடைய பையைக் கொட்டி, இவ்வளவு இரும்பு எதற்கு என்று கேட்டிருக்கிறான். இவருக்குச் சிங்களம் வராது. சுத்தியலை ஓங்கிச் செய்து காட்டியிருக்கிறார். அதோடு தொழிலை விட்டுவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முதல் நாள் மாமி அம்மிக்கு முன்னால் குந்தியிருந்து புலம்பினார்.

"இந்த வழுக்கல் கல்லில எப்பிடிச் சம்பல் அரைக்கிற?"

"நான் பொளிஞ்சு தாறன் மாமி."

"ஏலுமா மனே? அது வேற கை."

"கல்லுத்தானே மாமி."

மாமி சந்தைக்குப் போன நேரம் மேசன் உளியை எடுத்துக் கொத்தினேன். ஒரு மணித்தியாலம். மாமி வந்து பார்த்தார்.

"இதென்னகா, அம்மியா, ஷெல் விழுந்த ரோட்டா?"

நான் உளியைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.

"சரி. தவிடு போட்டு அரைச்சயா?"

புதிதாகப் பொளிந்த கல்லில் பொடிக்கல் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். தவிட்டைப் போட்டு அரைத்து, அதை வழித்து எறிந்தால்தான் கல் வெளியில் வரும். சின்னத்தம்பி எங்கள் தாய் வீட்டிலும் ஒரு கை தவிடு கேட்பார். அவருடைய கோழிக்கு என்று நான் நினைத்திருந்தேன்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "ஓம் மாமி" என்றேன். மாமி அங்கால் போனதும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

மாமிக்கு அது சும்மா ஒரு சம்பந்தமில்லை. யோகத்துக்குப் பத்தொன்பது வயது. அந்த வருடங்களில் கலியாணம் முடிக்காத பிள்ளை இருந்த வீட்டில் தாய்க்கு நித்திரை கிடையாது. இயக்கம் ஆள் கேட்டு வரும். ஆமி பிடித்துப் போகும். கழுத்தில் தாலி ஏறினால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. நாள் குறிக்கத்தான் அவர்கள் அன்று வந்தார்கள்.

சோறு போட்டாயிற்று. சம்பல், மீன்குழம்பு, இறால். மூன்றுக்கும் கூட்டு அந்த அம்மியில் அரைத்ததுதான்.

முதலில் தாய்மாமன் வாயில் "கடக்" என்றது. அவர் கண்ணை மூடி விழுங்கினார். மறுகா பொடியன். அவனும் விழுங்கினான். நல்ல மரியாதைக்காரர்கள். நாலு பேரும் மெல்லுகிற சத்தம் கிறவல் கல்லு ரோட்டில் சைக்கிள் போகிற மாதிரிக் கேட்டது.

"இறால் கோது" என்றேன் நான். (நான் இறாலைத் தொடவே இல்லை.)

அப்போது பொடியனின் அப்பா மெல்லுவதை நிற்பாட்டினார். உள்ளங்கையில் துப்பினார். எல்லாருக்கும் நீட்டிக் காட்டினார்.

"இது என்ட பல்லு. மற்றது ஆர்ர கல்லு?"

மாமி கரண்டியோடு நின்றார்.

"மனே, தவிடு போட்டு அரைச்சயா, இல்லயா?"

"போட்டனான் மாமி. ரெண்டு தரம்." (ஒரு தரம் என்றாலே போதும். வாய் நிற்கவில்லை.)

சீலைக்குப் பின்னாலிருந்து யோகம் சொன்னாள்:

"தவிடு ஏது அத்தான்? முடிஞ்சு ஒரு கிழமை. கோழிக்கே இல்ல."

அவள் சூது வாது தெரியாதவள். இல்லாததை இல்லை என்றாள், அவ்வளவுதான். ஆனால் அந்த நாளில் பொண்ணு வாய் திறப்பதில்லை. பொடியன் சீலைப் பக்கம் பார்த்துச் சிரித்தான். அவனுக்குப் பிடித்திருந்தது என்றுதான் இப்பவும் நினைக்கிறேன். அவன் சிரித்ததை அவனுடைய அம்மா கண்டுவிட்டார். சோற்றிலேயே கையைக் கழுவினார்.

"மருமகன் பொய் சொல்றார். பொண்ணு மறைஞ்சு நிண்டு நாயம் சொல்றா. பல்லும் போச்சு. நமக்குச் சரிவராதுகா, எழும்புங்க."

எழும்பிவிட்டார்கள். நான் வாசல் படலை வரைக்கும் பின்னால் ஓடி, "பல்லுக்கு நான் பொறுப்பு" என்று கத்தினேன். அதைவிட மடைத்தனமாக நான் எதையும் சொன்னதில்லை. தாய்மாமன் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார்.

மாமி ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. மிஞ்சின சம்பல் முழுவதையும் என் சோற்றுக் கோப்பையில் போட்டு, "தின்னு மனே" என்றார். தின்றேன்.

பிறகு யோகத்துக்குக் கலியாணம் முடிந்தது. மூன்று பிள்ளைகள். அவளுடைய வீட்டில் மிக்ஸிதான். ஆனாலும் நான் சாப்பிட இருந்தால் கடைக்குட்டி கேட்பான்: "பெரியப்பா, தவிடு போட்டீங்களா?" வீடே சிரிக்கும். எல்லாரையும் விட யோகம்தான் கூடச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

ஆனால் அந்தக் கலியாணம் ஆறு வருடம் பிந்தித்தான் நடந்தது. அதுவரை மாமி அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். வாவிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும், சொந்தக்காரர் வீட்டிலும், பேர் தெரியாதவர் வீட்டிலும் அவளை ஒளித்து வைத்தோம். ஒரு நாள் அந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

பதினொன்று.