தலைமை: காலியிடம்

மனித குலம் தோன்றிய நாள் முதல் அதன் பிடரியில் ஏறி உட்கார்ந்திருந்த அதிகாரம் என்னும் பூதம், மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, திருவண்ணாமலை செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், திரு. அப்பாதுரை அவர்களின் வீட்டு மாடியில் வைத்து அடியோடு ஒழிக்கப்பட்டது. செய்தித்தாள்களில் இது வரவில்லை. அன்று பௌர்ணமி, நிருபர்கள் கிரிவலக் கூட்டத்தைப் படமெடுக்கப் போய்விட்டார்கள்.

அப்பாதுரை தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானம் எடுத்த சபையிலேயே அறுபது வயது வரை இருந்தார். அறுபதாவது வயதில் சபைக் கமிட்டித் தேர்தலில் மூன்று ஓட்டில் தோற்றார். மறுநாளே, கமிட்டி, தேர்தல், பேராயர், பெஞ்சு இவற்றில் எதையும் இயேசு ஏற்படுத்தவில்லை என்ற பேருண்மை அவருக்கு வெளிப்பட்டது. இந்த வெளிப்பாட்டுக்கும் அந்த மூன்று ஓட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தெரு என்றால் நாலும் பேசும், நமக்கெதற்கு.

தன் பெயரையும் மகள் கவிநிலாவின் பெயரையும் சபைப் பதிவேட்டிலிருந்து 'நிரந்தரமாக நீக்கம் செய்யக் கோரி' நாலு பக்க மனு எழுதினார். பொருள் ஒன்று, பார்வை ஏழு, ஏழும் வேதவசனங்கள். நகல் பேராயருக்கு. 'தகவலுக்காக' மாவட்ட ஆட்சியருக்கும் ஒன்று போனது. தன் பெயர் நீக்கப்பட்டதைக் கவிநிலா ஒரு வாரம் கழித்து, ரத்தப் பரிசோதனை நிலைய வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, பக்கத்து சீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொண்டாள்.

புதிய கூடுகைக்குப் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் பலகை வரும். பலகை வந்தால் செயலாளர் வருவார். கிறிஸ்துவைத் தவிர ராஜா இல்லை, மனுஷனுக்கு மேல் மனுஷன் இல்லை. கொள்கை அவ்வளவுதான். அங்கத்தினர் ஏழு பேர். சீசரின் அரசாங்கத்தை ஒப்புக்கொள்ளாத அரசுப் பள்ளி ஆசிரியர் ஆதவன். நாளையைப் பற்றிக் கவலைப்படக் கூடாது என்று போதிக்கும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேதா. தேசங்களையும் எல்லைகளையும் மறுதலித்த ஜெர்மானியர் யோனாஸ். இவர் 'நான் யார்' என்று விசாரிக்க ஆசிரமத்துப் பக்கம் வந்து அறை எடுத்தவர். விடை தெரிவதற்குள் அப்பாதுரை பிடித்துக்கொண்டார். பழைய வேதாகமத்தை வைத்துத் தமிழ் படித்தவர் ஆகையால், காபி கொடுத்தால், "நான் பானம்பண்ணுகிற இதிலே சர்க்கரையை இடாதிருப்பீர்களாக" என்பார். மீதி நாலில் ஒருவர் அப்பாதுரை. மூன்று பேர் தலையாட்டுவார்கள்.

யாரும் தலைமாட்டில் இருக்கக்கூடாது என்பதற்காக வட்டமாக உட்கார்ந்தார்கள். வட்டத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே ஓர் இடம் இருந்தது. அது யாருக்கும் சொந்தமில்லை. அப்பாதுரை அதில் உட்காருவார்.

நிர்வாகமே இல்லாத ஒன்றை நிர்வகிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. வருகைப் பதிவேடு வேண்டும், குறிப்பேடு வேண்டும். ஒவ்வொரு வாரமும் குறிப்பேட்டின் உச்சியில் அப்பாதுரை தன் அச்சு போன்ற கையெழுத்தில் 'தலைமை: காலியிடம்' என்று எழுதிச் சிவப்பு மையில் கோடிடுவார். முடிவுகள் ஒருமனதாகவே எடுக்கப்படும். ஒருவர் ஆட்சேபித்தாலும் தீர்மானம் இல்லை. ஆகவே மூன்று வருடத்தில் தீர்மானம் இல்லை. பாய் விரிப்பதா நாற்காலி போடுவதா என்பதே பதினோரு வாரம் ஓடியது. பன்னிரண்டாம் வாரம் தனம் பாயை விரித்துவிட்டுப் போனாள்.

தனம் அதே சந்தில், நாலு வீடு தள்ளி இருப்பவள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் எலுமிச்சை ஜூஸ் போடுவாள். மற்ற நாட்களில் அப்பாதுரை வீட்டு வேலை. அவர் மனைவி காலமான வருடத்திலிருந்து வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை மாடியைக் கூட்டுவது, ஏழு பேருக்குப் பொங்கி இறக்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அவள்தான். இதற்குத் தனியாக அவளுக்குக் கொடுத்துவந்ததைக் கூடுகை மிகுந்த மனவேதனையுடன் பரிசீலித்தது. சம்பளம் கொடுத்தால் ஒருவர் எஜமான், ஒருவர் வேலைக்காரர் என்று ஆகிவிடுகிறதே. தீர்மானம் எதுவும் போடாமலே அந்தக் கறை உடனே துடைக்கப்பட்டது. அந்த ஞாயிறு முதல் கூடுகை வேலைக்குத் தனத்துக்குச் சம்பளம் கிடையாது. அவள் 'சகோதரி' ஆனாள். எல்லாரும் கண் கலங்கினார்கள். பாத்திரம் அன்றைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

இப்படி அதிகாரமின்றி நடந்துவந்த சாம்ராஜ்யத்தில் கவிநிலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு கீழ்பென்னாத்தூர். அவர்கள் சபையில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்த பிறகுதான் கல்யாணம்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்வோர் சொல்லலாம் என்று பீடத்திலிருந்து அறிவிப்பார்கள். அதற்குப் பெண்ணின் சபையிலிருந்து கடிதம் வேண்டும்.

"அப்பா, நாளைக்கு முதல் ஓலை வாசிக்கணும்," என்றாள் கவிநிலா, சனிக்கிழமை காலை. "வாசிக்கலைனா தேதி தள்ளிப் போயிடும். தள்ளிப் போனா லெந்து காலம் வந்துடும், ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் பண்ண மாட்டாங்க. அதுக்குள்ள அவரு துபாய் போயிடுவாரு. ரெண்டு வருஷ காண்ட்ராக்ட்."

"லெட்டர் அனுப்பிட்டேனேம்மா, வாட்ஸ்அப்ல."

"அதை நானும் படிச்சேன்."

கடிதம் இதுதான்: 'இக்கூடுகையில் எவருக்கும் எவர்மீதும் அதிகாரம் இல்லாத நிலையில், இக்கடிதம் எவராலும் வழங்கப்படவில்லை எனப் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது.' அடியில் கையெழுத்துக்கான இடம் மிக அழகாகக் காலியாக விடப்பட்டிருந்தது.

கீழ்பென்னாத்தூர் ஆயர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு பகல் பன்னிரண்டு மணி வெயிலில் நேரிலேயே வந்துவிட்டார். சின்ன வயசுக்காரர். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வட்டத்தில் உட்கார்ந்தார். அவசரக் கூடுகைக்கு ஏழு பேரும் ஆஜர்.

"ஐயா, யாரும் கொடுக்காத லெட்டரை நான் எந்த ஃபைல்ல வைக்கறது?"

"அதுதாங்கய்யா எங்க சாட்சியே," என்றார் அப்பாதுரை.

"இருக்கட்டும். நான் ஃபாரம் கொண்டாந்திருக்கேன். இந்தப் பொண்ணைத் தெரியும், நல்ல பொண்ணு, வேற கல்யாணம் ஆகலைனு ஒருத்தர் கையெழுத்து போட்டா போதும். அப்பாவைத் தவிர யாரு வேணா போடலாம். நாளைக்கு யாராவது வந்து கேட்டா அவங்க பதில் சொல்லணும். அவ்ளோதான்."

பேனா கிளம்பியது. வட்டத்தின் மகிமை அப்போதுதான் விளங்கியது: எங்கும் நிற்காமல் ஒன்று சுற்றிவர அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

"நான் கவர்மென்ட் ஸ்டாஃப்," என்றார் ஆதவன். "மத சம்பந்தமா கையெழுத்து போட்டா விளக்கம் கேப்பாங்க. இன்கிரிமென்ட் வேற இந்த மாசம்தான்."

"எங்க தொழில்ல முதல் நாளே சொல்லிக் குடுக்கறது, அடுத்தவங்களுக்குக் கையெழுத்து போடாதேனுதான்," என்றாள் வேதா. "நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"என்ன ஆவும் ஆன்ட்டி?" என்றாள் கவிநிலா.

"ஒண்ணும் ஆவாதும்மா. ஒரு பேச்சுக்கு."

யோனாஸ் நெஞ்சில் கைவைத்தார். "நானோ பரதேசியாயிருக்கிறேன். என் விசா டூரிஸ்ட் விசாவாயிருக்கிறது. இதினிமித்தம் குடியேற்ற அதிகாரிகள் என்னைத் துரத்திவிடுவார்களோ என்று என் ஆத்துமா கலங்குகிறது."

மற்ற மூன்று பேர், வழக்கப்படி தலையாட்டினார்கள். இந்த முறை பக்கவாட்டில். பேனா அப்பாதுரையிடம் வந்து நின்றது. முப்பத்தைந்து வருடம் ஊரார் வாரிசுக்கும் ஊரார் வருமானத்துக்கும் பரிந்துரை எழுதிய கை அது. மின்விசிறிக்கு நேர் கீழேயே அவருக்கு வேர்த்தது. மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை; ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய சபைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கலாம். ஆனால் அந்த மூன்று ஓட்டும் வாசலிலேயே நிற்கும்.

"இதை அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கலாமா?" என்றார் மெல்ல.

காபித் தட்டோடு நின்றிருந்த தனம் தட்டைக் கீழே வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"இப்டி குடுங்கய்யா. நான் போடறேன்."

"சிஸ்டர், அதுல நிறைய சிக்கல் இருக்கு," என்றார் ஆதவன்.

"என்னா சிக்கல் சார்? பொண்ணு நல்ல பொண்ணுனு தானே எழுதியிருக்குது?"

"யாராவது வந்து கேட்டா?" என்றாள் வேதா.

"வரட்டும், சொல்றேன். நான் இந்த சந்துலதானே கெடக்கப் போறேன்."

ஆயர் ஃபாரத்தை அவள் பக்கம் திருப்பினார். "எவ்ளோ நாளா தெரியும்மா உங்களுக்கு?"

"இது ஆறாவது படிக்கறப்போ அவங்கம்மா போயிட்டாங்க. அதுலேர்ந்து."

"உங்களுக்கு ஜெபம் பண்ற பழக்கம் உண்டா?"

"இதுக்கு டைபாய்டு வந்தப்போ பதினோரு நாளு பண்ணேங்க. எந்த சாமி கேட்டுச்சுனு நான் விசாரிக்கல. காய்ச்சல் விட்டுச்சு."

ஆயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போடுங்கம்மா," என்றார்.

அப்பாதுரைக்குள் இருந்த தலைமை எழுத்தர் விழித்துக்கொண்டார். "ஐயா, ஒரு சின்ன ஆட்சேபணை. ஒருத்தர் மட்டும் கையெழுத்து போட்டா அவங்க கூடுகைக்குப் பிரதிநிதி ஆயிடறாங்க. அதுவும் ஒரு அதிகாரம்தானே?"

"அப்பா, காபி ஆறுது," என்றாள் கவிநிலா. அந்தக் குரலில் அவள் பேசி அவர் கேட்டதில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டார்.

தனம் எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். முடிப்பதற்குள் இரண்டு பேர் காபி முடித்துவிட்டார்கள். ஆயர் ஃபாரத்தை வாங்கிப் பார்த்தார். கடைசி வரி காலியாக இருந்தது: கையெழுத்திடுபவர் வகிக்கும் பொறுப்பு.

"இங்க நீங்க என்னம்மா? மூப்பரா, டீக்கனா? என்னனு போடட்டும்?"

"இங்க பதவியே கிடையாதுங்கய்யா," என்று அப்பாதுரை முந்திக்கொண்டார். "யாரும் யாருக்கும் மேல இல்லை."

"ஆமாங்கய்யா," என்றாள் தனம், குனிந்து காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே. "யாரும் யாருக்கும் மேல இல்லீங்க. எல்லாருக்கும் கீழ நான் இருக்கேன். அப்டியே எழுதிக்குங்க."

ஆயர் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று மரியாதையாகக் காத்திருந்தார். எதற்கும் ஆட்சேபிக்கத் தெரிந்த அந்த ஏழு பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

மூன்று வருடத்தில் அந்தக் கூடுகை ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் அது ஒன்றுதான்.