விரதப் பருப்பும் என் செம்புப் பாலும்

ஒரு சமையல் குறிப்பை நாலு பேருக்குச் சொல்லிவிட்டால் நமக்கே சமைக்கத் தெரிந்த மாதிரிதான் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். (அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. அது வேறு விஷயம்.)

எங்கள் தாத்தாக்கள் கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த இந்தத் தீவே, சுதந்திரம் வருமா வராதா என்று வாதாடிக்கொண்டிருந்த காலம். மாயெபூருக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் நானும் சாமிநாதனும் குமாஸ்தாக்கள். மத்தியானச் சாப்பாட்டின்போது எங்கள் வாதம் வேறு: தக்காளிச் சட்னியில் பூண்டு முதலிலா, கடைசியிலா? அவன் மனைவி பாக்கியத்தின் கைப்பக்குவத்தை என் மனைவி சிவகாமிக்கும், சிவகாமியுடையதைப் பாக்கியத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நான்தான். வழியில் என் சொந்த யோசனை ஒன்றிரண்டும் சேர்ந்துகொள்ளும்.

அந்த வருடம் தைப்பூசத்துக்கு சாமிநாதனும் நானும் காவடி எடுப்பதாக முடிவாயிற்று. நான் சும்மா துணைக்கு. அவனுடையது நேர்த்திக்கடன். அவனுடைய ஆறு வயது மகள் மூன்று மாதம் காய்ச்சலில் கிடந்து பிழைத்தவள்.

எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. ஆற்றங்கரையில் செம்பில் ஊற்றிக் காவடியில் கட்டும் பால், உச்சி வெயிலில் நடந்து போய்க் கோயிலில் திறக்கும்போதும் திரியாமல் இருக்க வேண்டும். விரதம் சுத்தமென்றால் பாலும் சுத்தம்.

"பால் திரிஞ்சா புள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்துடும்னு பயமா இருக்கு, மோ ஃப்ரேர்," என்றான் சாமிநாதன். (நாங்கள் பேசியதெல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான்; தமிழ் கோயில் வாசலில்தான் வாயில் வரும். இங்கே தமிழாக்கிவிட்டேன். 'சகோதரா' என்கிற அந்த விளியை மட்டும் விட மனசில்லை.)

பத்து நாள் விரதத்தில் மூன்றாம் நாளே அவனுக்குப் பருப்பு அலுத்துவிட்டது. விடுவேனா நான்? சீனக் கடையில் ஒரு தகர டப்பா வாங்கினேன். உள்ளே தங்கக் காகிதம் சுற்றிய குட்டிக் கட்டிகள். "கொதிக்கிற தண்ணியில போட்டா ருசி," என்றார் கடைக்காரர். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாதியைப் பாக்கியத்திடம் கொடுத்தேன்.

"பருப்பு கொதிக்கறப்போ ஒண்ணு போடு தங்கச்சி. வெளியே சொல்லிடாதே, ஊரே வந்து கேட்கும்."

"சரி அண்ணே," என்றாள் பாக்கியம், மகா பணிவாக. மீதியைச் சிவகாமியிடம் கொடுத்தேன். அவளும் அதே பணிவோடு வாங்கிக்கொண்டாள். (இந்தப் பணிவைப் பார்த்தாவது நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

காவடியன்று காலை. பூசை முடிந்ததும் பரிமாறும் ஏழு கறிக்குக் காய் நறுக்கச் சிவகாமி விடியும் முன்பே கோயிலுக்குப் போய்விட்டாள். கற்பூரம் வைக்க ஏதாவது வேண்டுமென்று அந்தக் காலி டப்பாவை எடுத்தேன். அடியில் பொடி எழுத்தில் பிரெஞ்சில் ஏதோ இருந்தது. படித்தேன். மாட்டிறைச்சிச் சாறு.

உட்கார்ந்துவிட்டேன். ஏழு நாளாக, முருகன் பெயரைச் சொல்லி, இரண்டு குடும்பத்துக்கு மாட்டை ஊட்டியிருக்கிறேன்! அதில் ஒன்று, பிழைத்து எழுந்த பிள்ளை இருக்கிற வீடு. அழுகை வந்தது. அழுதேன். அப்புறம், செம்பாவது சுத்தமாக இருந்தால் சாமி கொஞ்சம் இறங்கி வருவார் என்று தோன்றி, எலுமிச்சம்பழத்தை அறுத்து என் செம்பை உள்ளும் புறமும் தேய்த்தேன். ஒரு பழம் போதவில்லை. நாலு பழம் தேய்த்தேன்.

ஆற்றங்கரைக்கு ஓடினால், சாமிநாதனுக்கு நாக்கில் வேல் குத்தியாகிவிட்டது. இனி கோயில் வரை அவனால் பேச முடியாது. செம்பில் பால் ஊற்றி, இலையால் வாயை மூடிக் கட்டி, ஊர்வலம் கிளம்பியது. மேளச் சத்தத்துக்கு நடுவே அவன் காதில் சொன்னேன்:

"மோ ஃப்ரேர், அந்தக் கட்டி... மாட்டுச் சாறுடா. பாவி நான். என்னை மன்னிச்சுடு."

அவன் கண்ணை உருட்டினான். வேகவேகமாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினான். நான் மறுபடி சொன்னேன். அவன் இன்னும் வேகமாக ஆட்டினான். சரி, மன்னிப்பு இல்லை என்று புரிந்துகொண்டேன். தார்ச் சாலை காலைச் சுட்டது. முன்னால் அவன் மகள் ரோஜா நிறப் பாவாடையில் குதித்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு முறை அவள் இருமும்போதும் என் உயிர் போய் வந்தது. (இரண்டு முறை இருமினாள். ஊதுபத்திப் புகை.)

கோயிலில் பூசாரி முதலில் என் செம்பைத் திறந்தார். உள்ளே பாலில்லை. கட்டி கட்டியாக, தண்ணீர் தனி, திப்பி தனி.

"சாமீ!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். "மாட்டு சூப்பு! விரதத்துல மாட்டு சூப்பு! கொடுத்தவன் நான்தான். சாமிநாதன் ஒண்ணும் அறியாதவன், அந்தப் புள்ளையை விட்டுடு!"

மேளம் நின்றது. ஊரே நின்றது. பூசாரி தயங்கித் தயங்கிச் சாமிநாதன் செம்பைத் திறந்தார். பால். வெள்ளை வெளேரென்ற பால். தரையில் கிடந்தபடியே அண்ணாந்து பார்த்தேன். நாக்கிலிருந்து வேலை எடுத்ததும் சாமிநாதன் பேசிய முதல் வார்த்தை எனக்குத்தான்: "மடையா! அதை நாங்க போடவே இல்லைன்னுதானே வழியெல்லாம் தலையை ஆட்டினேன்!"

"காகிதத்தைப் பிரிச்சதுமே வாடை அடிச்சுது அண்ணே," என்றாள் பாக்கியம். "பக்கத்து வீட்டு நாய்க்குப் போட்டேன்."

நான் சிவகாமியைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்கறீங்க? நீங்க சொன்னதை நான் எந்தக் காலத்துல சமைச்சிருக்கேன்? நானும் அதே நாய்க்குத்தான் போட்டேன்."

"அப்போ என் பால் ஏன் திரிஞ்சுது?"

பூசாரி என் செம்பை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிவகாமியிடம் நீட்டினார். அவளும் முகர்ந்தாள்.

சாமிநாதனின் அந்த மகளுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். காவடி நாளில் என் வீட்டு வாசலில் நின்று, "மாமா, செம்பைத் தேய்ச்சாச்சா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறாள். அவள் சிரித்து முடிக்கும்வரை நான் கதவைத் திறப்பதில்லை.

நடந்தது இவ்வளவுதான்: நாலு எலுமிச்சம்பழம் தேய்த்த செம்பை நான் தண்ணீர் விட்டு அலம்பவில்லை.