வாளி அண்ணனின் பட்டுக் கடை

ஆரணியில் அரசாங்கத்தை முழுசாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் தெரு வாளி அண்ணன்தான். அரசாங்கத்துக்கே தன் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

தீபாவளிக்குத் தீபாவளி தகரக் கொட்டகையில் பட்டாசுக் கடை போடுவார். விதிப்படி மணல் வாளி வேண்டும் என்று மற்றவர்கள் பேருக்கு ஒன்று வைப்பார்கள். இவர் கடையில் வாளிகளை விலக்கிப் பட்டாசைத் தேட வேண்டும். பீடி வாசனையோடு வந்தவனைக்கூட உள்ளே விடமாட்டார். சின்னப் பிள்ளை வந்தால், "போயி உங்கப்பாவ கூட்டிகினு வா." அப்பா வந்தால், "காலைல ஆறுலருந்து ஏழு, சாயங்காலம் ஏழுலருந்து எட்டு. அதுக்குமேல கொளுத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணு." பண்ணாதவனுக்குக் கம்பி மத்தாப்புகூடக் கிடையாது.

அந்த மனிதருக்கு ஒரு வருஷம் வந்த உரிமத்தைப் பாருங்கள்: 'தற்காலிகப் பட்டு விற்பனைக் கடை'!

டைப் அடிக்கிற நம் ஊர் ஆபீஸ் விரலுக்குப் பட்டா தெரியும், பட்டு தெரியும். பட்டாசு வருஷத்துக்கு ஒருமுறைதானே வருகிறது! திருத்தித் தரச் சொன்னால், "எழுதிக் குடுத்துட்டுப் போங்க, வரும்." எப்போது? பொங்கலுக்கா? எதிர் மளிகைக் கடையில் கற்பூரத்துக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே, உரிமமே இல்லாமல் வெடி விற்கிறது. கேட்க நாதியில்லை. ஒழுங்காக நடப்பவனுக்குத்தான் இந்தத் தண்டனை! பொறுக்காமல் அவரிடமே போனேன்.

"எழுத்துப் பிழைதானே அண்ணே, கடையத் தொறங்க."

"எழுத்துல பட்டுன்னா பட்டுதான்டா. நான் இன்னா திருட்டுக் கடையா போடறேன்?"

சிவகாசிச் சரக்குக்குப் பணம் கட்டியாகிவிட்டது. அது விற்காவிட்டால் அடுத்த வருஷம் கடையே இல்லை. ஆனாலும் குடோனிலிருந்து இறக்க மாட்டேன் என்றுவிட்டார். முள்ளிப்பட்டில் தறி போட்டிருந்த மச்சானிடம் சேலைகளை வாங்கிவந்து கொட்டகையில் அடுக்கினார். சுற்றிலும் மணல் வாளிகள்.

"வெடி வாங்க வர்றவன் சேல எடுப்பானா? பேஜார் புடிச்ச மனுசன்!" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, சங்குச் சக்கரம் இருக்குதா?" என்று வந்து நின்றான் ஒருவன்.

"சேல புட்டாவுல இருக்குது. பிரிச்சுக் காட்டட்டா?"

திருத்திய உரிமம் தீபாவளிக்கு முந்தின நாள் மாலைதான் வந்தது. அவசரமாக இறக்கிய பெட்டிகளின் நடுவே அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தார். தெரு மொத்தமும் மளிகைக் கடையில் வாங்கி முடித்திருந்தது. யார் முதலில் கிளம்பினார்கள் என்று தெரியாது. வீட்டில் பை நிறைய வெடியை வைத்துக்கொண்டு தெருவே போய் வரிசையில் நின்றது. ஒவ்வொருவராகச் சத்தியம் பண்ணி வாங்கினோம்.

மறுநாள் ராத்திரி எட்டு அடித்ததும் தெரு நடுவே ஒரு வாளியோடு வந்து நின்றார். போலீஸ் வந்து விசில் ஊதினாலும் அடங்காத தெரு அது. அவர் வாயே திறக்கவில்லை.

கையில் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியை ஒவ்வொருவராகப் போய் அவர் வாளி மணலில் குத்தி அணைத்தோம்.